வீகன் உணவைத் தொடங்குபவர்களுக்குச் சமையல் நூல்களும் செய்முறைகளும்: தேடுவது, சோதிப்பது, தேர்ந்தெடுப்பது பற்றிய முழுமையான வழிகாட்டி

இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் என விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத வீகன் உணவுக்கு மாறுவதென்று முடிவெடுத்த முதல் வாரத்திலேயே ஒரு தடித்த சமையல் புத்தகத்தை வாங்கிவிடும் ஆசை பலருக்கும் வருகிறது. எனக்கும் வந்தது, வாங்கினேன். பக்கத்துக்குப் பக்கம் அழகான படங்களைக் கொண்ட அந்தப் புத்தகத்திலிருந்து முதல் ஓராண்டில் நான் சமைத்தவை இரண்டே பதார்த்தங்கள். ஒவ்வொரு குறிப்பும் 18, 20 பொருள்களைக் கேட்டது. அவற்றில் நான்கைந்து என் சமையலறைக்குள் அதுவரை வந்ததே இல்லை. புத்தகத்தின் மேல் குறை சொல்வதற்கில்லை. எனக்கு எது தேவை என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே, எது கண்ணைக் கவர்ந்ததோ அதை வாங்கியிருந்தேன். தேவையை முதலில் கண்டுகொண்டு, சமைத்துச் சோதித்த பிறகே பணம் கொடுப்பது என்ற வரிசையில் இந்த வழிகாட்டி அமைந்திருக்கிறது.

படி 1: வாங்குவதற்கு முன் உங்கள் சமையலைக் கணக்கெடுங்கள்

கடந்த இரண்டு வாரங்களில் உங்கள் வீட்டில் சமைத்த உணவுகளையெல்லாம் நினைவுக்கு வரும் வரிசையிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். பட்டியல் நீங்கள் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருப்பதைப் பார்ப்பீர்கள், ஏனெனில் எந்த வீட்டிலும் அன்றாடம் சுழன்று வருவது சில பதார்த்தங்கள்தான். அவற்றை மூன்றாகப் பிரியுங்கள். இப்போதே விலங்குப் பொருள் எதுவும் இல்லாதவை முதல் வகை. வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், பசும்பாலுக்குப் பதில் சோயா பால் என்று ஒரே ஒரு மாற்றத்தில் சரியாகிவிடுபவை இரண்டாம் வகை. முட்டையோ பாலாடைக்கட்டியோ இறைச்சியோ இல்லாவிட்டால் அந்தப் பதார்த்தமே இல்லை என்னும்படி இருப்பவை மூன்றாம் வகை.

முதல் இரண்டு வகைகளுக்குப் புத்தகம் தேவையில்லை. புத்தகத்தின் உதவி உண்மையில் வேண்டியிருப்பது மூன்றாம் வகைக்கே. அங்கே எவை அதிகமாக இருக்கின்றன என்பதைப் பார்த்தால் எந்த வகைப் புத்தகம் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கேக்கும் பிஸ்கட்டும் நிறைந்திருந்தால் பேக்கிங் பற்றியது. இறைச்சிக் குழம்புகள் நிறைந்திருந்தால் பருப்பு, பயறு, காளான், சோயா பாலைத் திரித்துச் செய்யும் டோஃபு ஆகியவற்றைச் சுவையேற்றிச் சமைக்கக் கற்றுத்தருவது. காலை உணவு முழுவதும் முட்டையாக இருந்தால் அதற்கு ஒரு முழுப் புத்தகமே வேண்டியதில்லை, நான்கு நல்ல குறிப்புகள் போதும்.

அதே தாளின் பின்புறத்தில் மூன்று செய்திகளையும் எழுதிவையுங்கள்: வேலை நாளின் மாலையில் சமையலுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது, வீட்டில் கேக் சுடும் ‘அவன்’ அடுப்பும் நல்ல வேகமுள்ள மிக்ஸியும் இருக்கின்றனவா, எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள். கடைக்கோ நூலகத்துக்கோ போகும்போது இந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

படி 2: அட்டையில் உள்ள சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘வீகன்’ என்ற சொல் பிறந்தது 1944இல். அந்த ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் சில நண்பர்களும் வீகன் சொசைட்டியைத் தொடங்கியபோது, ‘வெஜிடேரியன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் கடைசி இரண்டு எழுத்துகளையும் சேர்த்து இந்தப் பெயரை உருவாக்கினார்கள். அதற்கு முன் வந்த நூல்களில் இந்தச் சொல் இராது. ‘விலங்குணவு இல்லாத’, ‘பாலும் முட்டையும் அற்ற’ என்பன போன்ற சொற்களாலேயே அவற்றைத் தேட வேண்டும்.

இன்றைய அட்டைகளில் குழப்பம் வேறு வகையானது. ‘வெஜிடேரியன்’ என்ற நூலில் பாலும் பாலாடைக்கட்டியும், பெரும்பாலும் முட்டையும் இருக்கும். ‘டெய்ரி ஃப்ரீ’ என்றால் பால் பொருள் இல்லை என்று மட்டுமே பொருள், முட்டையும் இறைச்சியும் இருக்கலாம். ‘பிளான்ட் பேஸ்டு’ என்ற சொல்லுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது: சில நூலாசிரியர்கள் அதை முழு வீகன் என்ற பொருளில் ஆள்கிறார்கள், சிலர் காய்கறிகளே மிகுந்து சிறிது தயிரோ தேனோ சேர்ந்த உணவையும் அப்படி அழைக்கிறார்கள். தமிழில் ‘சைவம்’ என்று தேடினால் பாலும் நெய்யும் கலந்த குறிப்புகளே வந்து குவியும். ‘நனிசைவம்’, ‘வீகன்’, ‘பால் சேர்க்காத’ என்று தேடுவதே பயன் தரும். பிரெஞ்சு மொழியிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே ‘வெஜெட்டாரியன்’ என்பது பால், முட்டையை ஏற்பது. ‘வெஜெட்டாலியன்’ என்பதுதான் முழுத் தாவர உணவு. ஓரெழுத்து மாறினால் வெண்ணெய் வந்துவிடும்.

குறிப்புகளுக்குள் ஒளிந்து வருபவற்றையும் இந்தக் கட்டத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. வே, கேசின் இரண்டும் பாலின் புரதங்கள். வூஸ்டர்ஷயர் சாஸின் வழக்கமான செய்முறையில் நெத்திலி வகை மீன் உண்டு. தாய்லாந்துக் கறி விழுதுகள் பலவற்றில் இறால் விழுது சேர்ந்திருக்கும். E120 என்ற எண்ணுடைய சிவப்பு உணவு நிறம் பூச்சியிலிருந்து எடுக்கப்படுகிறது. நல்ல வீகன் நூல் இவற்றை முன்பகுதியிலேயே எச்சரித்துவிடும்.

படி 3: முதலில் நூலகம், பிறகே கடை

பொது நூலகங்கள் பலவற்றில் புத்தகங்கள் டியூயி எண்முறைப்படி அடுக்கப்பட்டிருக்கும். அந்த முறையில் சமையல் 641.5 என்ற எண்ணில் தொடங்குகிறது. வீகன் உள்ளிட்ட சைவச் சமையல் 641.5636 என்ற எண்ணின்கீழ் வருகிறது. நேராக அந்த அடுக்குக்குப் போய்விடலாம். ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். வீகன் என்று பெயரிடப்படாத பருப்பு நூல்களும் காய்கறி நூல்களும் வெவ்வேறு நாட்டுச் சமையல் நூல்களும் பக்கத்து அடுக்குகளில் இருக்கும், அவற்றில் பாதிக்கு மேல் உங்களுக்குப் பயன்படலாம்.

ஒரே முறையில் ஐந்தாறு நூல்களை எடுத்து வாருங்கள். உங்கள் நூலகத்தில் இல்லாத நூலை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். நூலக உறுப்பினர்களுக்கு மின்னூல்களை இரவலாகத் தரும் லிப்பி போன்ற செயலிகளும் உள்ளன. பதிப்புரிமை முடிந்த மிகப் பழைய சமையல் நூல்களை புராஜெக்ட் குடன்பெர்க், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகங்களில் இலவசமாகப் படிக்கலாம். அவற்றின் அளவுகள் தெளிவற்றவை என்பதால் அன்றாடச் சமையலுக்கு அவை அதிகம் உதவா. ஆனாலும் போலி இறைச்சியும் போலிப் பாலாடைக்கட்டியும் கடைக்கு வருவதற்கு முன் பயற்றையும் கொட்டைகளையும் வைத்து மக்கள் என்னென்ன செய்தார்கள் என்று பார்ப்பது சுவையான பொழுதுபோக்கு.

படி 4: புத்தகத்தைப் பத்து நிமிடத்தில் சோதிப்பது

இந்தப் படியில்தான் நிதானம் மிகவும் தேவை. படங்களைப் பார்க்காதீர்கள். கடைசிப் பக்கங்களில் உள்ள பொருளடைவை முதலில் திறங்கள். உங்கள் வீட்டில் என்றும் இருக்கும் ஒரு பொருளை, கொண்டைக்கடலை என்றே வைத்துக்கொள்வோம், அதில் தேடுங்கள். அதன்கீழ் எத்தனை குறிப்புகள் உள்ளன? முந்திரிக்கு 25 பக்க எண்களும் பருப்புக்கு மூன்றும் இருந்தால், அந்த நூலின் க்ரீமும் சாஸும் பாலாடைக்கட்டியும் முந்திரியை நம்பியே நிற்கின்றன என்று பொருள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் செலவும், ஊறவைக்கும் நேரமும், நல்ல மிக்ஸியும் கூடவே வரும். கொட்டை ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த நூலே பயன்படாது.

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மூன்று இடங்களில் புத்தகத்தைத் திறந்து, அங்கே உள்ள குறிப்புகளுக்குப் புதிதாக வாங்க வேண்டிய பொருள்களை எண்ணுங்கள். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. மூன்று குறிப்புகளிலும் நான்குக்கு மேல் என்றால் அந்தப் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடலாம். ‘பக்கம் 40இல் உள்ள சாஸ்’, ‘பக்கம் 212இல் உள்ள முந்திரி க்ரீம்’ என்று ஒரு குறிப்புக்குள் வேறு குறிப்புகள் அடங்கியிருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். ‘30 நிமிடம்’ என்று தலைப்பில் போட்டிருக்கும். அந்த உட்குறிப்புகளையும் சேர்த்தால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். நான் வாங்கிய முதல் புத்தகம் என்னைக் கைவிட்டது இந்த இடத்தில்தான்.

அளவுகள் எடையில் தரப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கோப்பைக் கணக்கு குழம்புக்குப் போதும், பேக்கிங்குக்குப் போதாது. ஒரு கோப்பை மாவை அள்ளும் விதத்தைப் பொறுத்து அது 120 கிராமாகவும் இருக்கலாம், 150 கிராமாகவும் இருக்கலாம். கோப்பையும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல: அமெரிக்கக் கோப்பை ஏறத்தாழ 240 மி.லி., ஆஸ்திரேலியக் கோப்பை 250 மி.லி. மேசைக்கரண்டி பெரும்பாலான நாடுகளில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20 மி.லி. முட்டை இல்லாத கேக்கில் இந்த வேறுபாடு விளைவைக் கெடுத்துவிடும், ஏனெனில் பிழையைத் தாங்கிக்கொள்ள அங்கே முட்டை இல்லை.

பிறகு, நூல் காரணம் சொல்கிறதா என்று சோதியுங்கள். டோஃபு பற்றிய பக்கத்தை எடுங்கள். ‘டோஃபுவை 20 நிமிடம் அழுத்தி வையுங்கள்’ என்று மட்டும் சொன்னால் அது கட்டளை. டோஃபுவின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, ஈரம் போனால்தான் அது பொன்னிறமாக வறுபடும், ஆகவே முதலில் நீரை எடுக்கிறோம் என்று சொன்னால் அது பாடம். பாடம் சொல்லும் நூலிலிருந்து கற்றதைக் கத்தரிக்காய்க்கும் காளானுக்கும் நீங்களே பொருத்திக்கொள்ள முடியும். தொடக்கக்காரர் வாங்கும் முதல் நூல் இத்தகைய பாட நூலாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு தேசத்தின் சமையல், ஒரே பாத்திரச் சமையல், விருந்துச் சமையல் எல்லாம் இரண்டாவதாக வரட்டும். ஐயத்துக்கு இடமின்றி மூன்றாம் வகைப் பட்டியல் இனிப்பாகவே இருந்தாலொழிய, பேக்கிங் நூல் கடைசி.

நூலாசிரியர் கவனமானவரா என்று அறிய ஒரு குறுக்குவழியும் உண்டு. ராஜ்மா என்று அழைக்கப்படும் சிறுநீரக வடிவ சிவப்பு பீன்ஸைச் சமைக்கும் குறிப்பைப் பாருங்கள். அந்தப் பயற்றில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் குறைந்தது 10 நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வைத்தால்தான் அது அழியும். ‘ஸ்லோ குக்கர்’ எனப்படும் மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தின் வெப்பம் அதற்குப் போதாமல் போகலாம். காய்ந்த பயற்றை நேரே அதில் போடச் சொல்லும் நூல், சமைத்துப் பார்க்காமல் எழுதப்பட்டது என்று கொள்ளலாம்.

உடல்நலம் பற்றிய பகுதியையும் ஒருமுறை புரட்டுங்கள். வைட்டமின் பி12 செறிவூட்டப்படாத தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை; வீகன் உணவு உண்பவர்கள் அதை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும். நீலப்பச்சைப் பாசியான ஸ்பைருலினாவே போதும், புளித்த உணவே போதும் என்று சொல்லும் நூலை நம்ப வேண்டாம், ஏனெனில் ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். நோயைக் குணமாக்கும் என்றும் பத்தே நாளில் எடை குறையும் என்றும் அட்டையில் உறுதி கூறும் நூல்கள் பெரும்பாலும் சமையலில் மெலிந்தவை.

கடைசியாக, நூலாசிரியர் யார் என்று பாருங்கள். இணையக் கடைகளில் இப்போது கணினியே எழுதித் தள்ளிய சமையல் நூல்களும் விற்கப்படுகின்றன. ஆசிரியருக்கு வேறு எழுத்து எதுவும் இல்லாதது, எல்லாக் குறிப்புகளும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருப்பது, பொருள் பட்டியலில் உள்ள ஒன்று செய்முறையில் காணாமல் போவது ஆகியவை அவற்றின் அடையாளங்கள்.

படி 5: மூன்று குறிப்புகளைச் சமைத்த பிறகே பணம் கொடுங்கள்

இரவல் வாங்கிய நூல்களில் சோதனையில் தேறிய இரண்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று குறிப்புகளைச் சமையுங்கள்: ஒன்று வேலை நாள் இரவுக்கு, ஒன்று மூன்றாம் வகைப் பட்டியலிலிருந்து, ஒன்று உங்களுக்கு முற்றிலும் புதியது. முதல் முறை எழுதியபடியே செய்யுங்கள். உப்பைக் குறைப்பது, காரத்தைக் கூட்டுவது எல்லாம் இரண்டாம் முறை. மாற்றிச் செய்துவிட்டு நூலைக் குறை சொல்வது நியாயமாகாது. மூன்றில் இரண்டை மறுபடியும் சமைக்கத் தோன்றினால் அந்த நூலை வாங்குங்கள். பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது. எண்ணெய்க் கறை படிந்த பக்கங்கள் எவை என்று பார்த்தால் முந்தைய உரிமையாளர் எந்தக் குறிப்புகளை விரும்பினார் என்பதும் தெரிந்துவிடும்.

படி 6: இணையத்தில் தேடும் முறை

‘வீகன் சமையல்’ என்று மட்டும் தேடினால் யாருக்கும் பொருந்தாத பொதுவான பட்டியல்களே வரும். கையில் இருக்கும் பொருள், சமைக்கும் முறை, வேண்டிய தன்மை ஆகிய மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்: ‘கத்தரிக்காய் அவன் மொறுமொறு வீகன்’ என்பது போல. வேண்டாத பொருளின் முன் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போட்டால் கூகுள் போன்ற தேடுபொறிகள் அந்தச் சொல் உள்ள பக்கங்களை விலக்கிவிடும். ஆங்கிலத்தில் தேடும்போது சில காய்களுக்கும் தழைகளுக்கும் இரண்டு பெயர் உண்டு என்பதை மறக்க வேண்டாம்: அமெரிக்கர்களின் ‘எக்பிளான்ட்’ (கத்தரிக்காய்) பிரிட்டனில் ‘ஓபர்ஜின்’, அவர்களின் ‘சுக்கினி’ (சீமைச் சுரைக்காய்) அங்கே ‘கோர்ஜெட்’, அவர்களின் ‘சிலான்ட்ரோ’ (கொத்தமல்லித் தழை) அங்கே ‘கொரியாண்டர்’. அவன் அடுப்பின் வெப்பநிலையை அமெரிக்கர்கள் ஃபாரன்ஹீட்டில் எழுதுவார்கள். 350 ஃபாரன்ஹீட் ஏறத்தாழ 175 செல்சியஸ். விசிறி உள்ள அவன் என்றால் அதிலும் 20 டிகிரி குறைக்க வேண்டும்.

குறுங்காணொளிகள் யோசனைக்கு நல்லவை, செய்முறைக்குப் போதாதவை. வெட்டி ஒட்டும்போது முதலில் மறைவது நேரம்தான். வெங்காயத்தை நிதானமாக அடர்பழுப்பாகும்வரை வதக்க 40 நிமிடமாவது ஆகும். காணொளியில் அது மூன்று விநாடி. அளவும் நேரமும் எழுத்தில் தரப்படாத காணொளியிலிருந்து யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே பதார்த்தத்துக்கு எழுதப்பட்ட குறிப்பு ஒன்றைத் தேடுங்கள். இரண்டு மூன்று குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், எல்லாவற்றிலும் ஒத்திருப்பது அந்தப் பதார்த்தத்தின் எலும்புக்கூடு என்றும் வேறுபடுபவை எழுதியவரின் விருப்பம் என்றும் புரியும். பிடித்ததை முகவரியாகச் சேமிக்காமல் எழுத்தாகப் படியெடுத்து வையுங்கள், பக்கங்கள் சொல்லாமல் மறைந்துவிடும்.

ஒரு மாதம் யாராவது கைப்பிடித்து அழைத்துப் போனால் நல்லது என்று நினைப்பவர்களுக்கு, 2014இல் பிரிட்டனில் தொடங்கிய வீகனுவரி இயக்கம் உதவும். சனவரி மாதம் முழுவதும் வீகனாக இருந்து பார்க்கச் சொல்லும் அந்த இயக்கத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்பவர்களுக்குக் குறிப்புகளும் உணவுத் திட்டங்களும் கிடைக்கின்றன.

படி 7: வீகன் என்று பெயரிடாத சமையல் மரபுகளைத் தேடுங்கள்

பலர் கவனிக்காத செழிப்பான ஊற்று இதுதான். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளிலும் நீண்ட தவக்காலங்களிலும் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்குகிறார்கள். அந்த நாள்களுக்காகப் பருப்பையும் கடலை மாவையும் கீரையையும் வைத்து அவர்கள் வளர்த்தெடுத்த சமையல் எதற்கும் மாற்றாகச் செய்யப்பட்டதன்று, தன்னளவில் முழுமையானது. நூல்களில் அதை ‘நோன்பு உணவு’ என்ற தலைப்பில் காணலாம். கிரேக்க மரபில் இத்தகைய உணவுக்கு ‘நிஸ்தீசிமா’ என்று பெயர். அங்கே மீன் விலக்கப்பட்ட நாளிலும் கணவாயும் சிப்பியும் தேனும் அனுமதிக்கப்படுவதால் குறிப்பைப் படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜப்பானியப் பௌத்த மடங்களின் ‘ஷோஜின் ரியோரி’, கடற்பாசியிலிருந்தும் உலர்ந்த ஷிட்டாக்கே காளானிலிருந்தும் எடுக்கும் சாறு எவ்வளவு ஆழமான சுவை தரும் என்பதைக் கற்றுத்தரும். கடற்பாசிச் சாற்றின் அந்தச் சுவைக்குக் குளுட்டமேட் என்ற பொருள்தான் காரணம் என்று ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் கண்டறிந்து, அந்தச் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயர் வைத்தார். வீகன் உணவில் ‘ஏதோ குறைகிறது’ என்று தோன்றும்போது பெரும்பாலும் குறைவது அதுவே. தக்காளி விழுது, சோயா சாஸ், புளிக்கவைத்த சோயா விழுதான மீசோ, உலர்காளான், செதில்களாக விற்கும் நியூட்ரிஷனல் ஈஸ்ட் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அதை ஈடு செய்யும்.

இந்த மரபு நூல்களின் சிறப்பு, அவை உங்கள் நாவிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. ‘இறைச்சி போலவே இருக்கும்’ என்ற வாக்குறுதியுடன் வரும் குறிப்பைச் சுவைக்கும்போது நாக்கு ஒப்பிட்டுக் குறை காணும். முதன்முதலாகச் சாப்பிடும் பருப்புக் குழம்போடு ஒப்பிட நாக்கிடம் எதுவும் இல்லை. ஆகவே முதல் மாதத்தில் போலிகளைவிடப் புதியவற்றையே அதிகம் சமையுங்கள் என்பேன்.

படி 8: உங்கள் பழைய குறிப்புகளை மாற்றியெழுதுங்கள்

விரும்பிச் சமைத்த பழைய நூல்களைத் தூக்கி எறிய வேண்டாம். ஒவ்வொரு விலங்குப் பொருளும் அந்தக் குறிப்பில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். கட்லெட்டில் முட்டை ஒட்டுவதற்காக. அங்கே ஒரு மேசைக்கரண்டி அரைத்த ஆளிவிதையை மூன்று மேசைக்கரண்டி நீரில் கலந்து பத்து நிமிடம் வைத்தால் ஒரு முட்டைக்கு ஈடாகும். ‘பான்கேக்’ எனப்படும் அப்பத்தில் முட்டை உப்புவதற்காகவும் ஈரத்துக்காகவும். அங்கே ஒரு கோப்பை சோயா பாலில் ஒரு மேசைக்கரண்டி வினிகரைக் கலந்து திரியவைத்துச் சமையல் சோடாவுடன் சேர்த்தால் போதும். அடித்து நுரையாக்கிய வெள்ளைக்கரு தேவைப்படும் இடத்தில், கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டியான நீர் வேலை செய்யும். அந்த நீர் நுரைக்கும் என்பதை ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் 2014இல் வெளியிட்டார். மறு ஆண்டில் அதற்கு ‘அக்வாஃபாபா’ என்ற பெயர் கிடைத்தது. இரண்டு மேசைக்கரண்டி நீர் ஒரு வெள்ளைக்கருவுக்குச் சமம். 2015க்கு முன் அச்சான பேக்கிங் நூலில் இந்த உத்தியைத் தேட வேண்டாம்.

வெண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காடுதான் கொழுப்பு, எஞ்சியதில் பெரும்பகுதி நீர். எனவே எண்ணெயைப் பயன்படுத்தும்போது அளவை முக்காலாகக் குறைக்க வேண்டும். ஜெலட்டினுக்குப் பதிலாகக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் உண்டு, ஆனால் அளவும் முறையும் வேறு. அகரைக் கொதிக்கவைத்தால்தான் கரையும். அறை வெப்பத்திலேயே இறுகும். ஜெலட்டின்போல வாயில் உருகாது. ஐந்தாறு முட்டை கேட்கும் கேக்கை மாற்றியெழுத முயல வேண்டாம், அதற்குத் தொடக்கம் முதலே முட்டையின்றி வடிவமைத்த குறிப்பைத் தேடுவதே அறிவுடைமை.

படி 9: சொந்தத் தொகுப்பு ஒன்றை வளர்த்துக்கொள்ளுங்கள்

வாரத்துக்கு ஒரு புதிய குறிப்பு போதும். மற்ற நாள்களில் முதல் பட்டியலில் இருந்தவற்றையே சமையுங்கள். எல்லா வேளையும் புதிது என்றால் மூன்றாம் வாரமே சலிப்பு வந்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், குறிப்பு எங்கிருந்து எடுத்தது, உண்மையில் ஆன நேரம், அடுத்த முறை மாற்ற வேண்டியது ஆகியவற்றை நான்கு வரிகளில் எழுதுங்கள். மூன்று முறை சமைத்த குறிப்பை மட்டும், உங்கள் திருத்தங்களுடன், நோட்டின் பின்பகுதியில் சுத்தமாகப் படியெடுங்கள். அந்தப் பின்பகுதியில் பதினைந்து குறிப்புகள் சேர்ந்துவிட்டால் அன்றாடத்துக்குத் தட்டுப்பாடே இராது.

அந்தப் பதினைந்தைப் படி 1இல் எழுதிய தாளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். காலை உணவு காலியாக இருந்தால் அடுத்த தேடல் அதற்கு. பருப்பு, பயறு, டோஃபு ஆகியவை வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே வந்தால் புரதமும் இரும்புச்சத்தும் மிகுந்த குறிப்புகளைத் தேடுங்கள். அத்தகைய உணவோடு எலுமிச்சையோ தக்காளியோ குடைமிளகாயோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும், உணவோடு தேநீர் குடித்தால் குறையும். இரண்டாவது புத்தகம் வாங்கும் நேரமும் இப்போதுதான் வருகிறது, அதுவும் தாளில் வெறுமையாக உள்ள கட்டத்தை நிரப்பும் புத்தகமாகவே இருக்கட்டும்.

நான் முதலில் வாங்கிய தடித்த புத்தகம் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு விருந்துக்காக அதைத் திறந்தபோது, அது கேட்ட 20 பொருள்களில் பதினேழு ஏற்கெனவே வீட்டில் இருந்தன.